வயோலாவுக்கு மாற்றிவிட்டார்கள்

போன வாரம் அக்கா மகள் கூப்பிட்டாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "சித்தி, என்னை வயோலாவுக்கு மாத்திட்டாங்க" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்து வருடமாக வயலின் கற்றவள். முதல் வயலின் வரிசையில் எந்த நாற்காலி தனக்கு என்றுகூட மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். வயோலா பார்க்க வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிது, குரல் தாழ்ந்தது. வகுப்பில் வயலினுக்கு வந்தவர்கள் 19 பேர், வயோலாவுக்கு வந்தவன் ஒரே ஒருவன். எந்த ஆசிரியராக இருந்தாலும் வயலின்காரர்களில் மூன்று நான்கு பேரை அந்தப் பக்கம் நகர்த்தத்தான் செய்வார். ஆனால் பதினான்கு வயதில் அந்தக் கணக்கு காதில் ஏறாது. 'நீ போதாது' என்று சொன்ன மாதிரிதான் கேட்கும்.

எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

போனில் அவளிடம் கொஞ்சம் சொன்னேன். அழுதுகொண்டிருக்கிற பிள்ளையிடம் நிறையப் பேசக் கூடாது. சொல்லாமல் விட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். அவள் படிப்பாள். வேறு யாருக்காவது பயன்பட்டாலும் சரி.

முதலில் இந்த வகுப்பு என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா என்றால் வில்லால் வாசிக்கிற தந்தி வாத்தியங்கள் மட்டும். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஐந்து குழு. குழல் இல்லை, ஊது வாத்தியம் இல்லை, மேளம் இல்லை. எங்கள் பள்ளியில் இது கணக்கு, வேதியியல் மாதிரி ஒரு பாடவேளை. தினமும் 45 நிமிடம். பள்ளி முடிந்த பிறகு விருப்பப்பட்டவர்கள் கூடுகிற சங்கமாக இல்லாமல் பாடவேளையாக இருந்ததுதான் பெரிய விஷயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தேர்வு நாளும் உண்டு, தூக்கம் கெட்ட நாளும் உண்டு, பக்கத்து நாற்காலியோடு சண்டை போட்ட நாளும் உண்டு. எல்லா நாளும் போய் உட்கார்ந்து ஒரே சுருதியில் சேர வேண்டும்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்கு விரல் நீளம். காதும் நல்லா இருக்கு. வயோலா வாசிக்கிறியா?" கேள்வி மாதிரிதான் இருந்தது. அலமாரியிலிருந்து பெட்டியை ஏற்கெனவே எடுத்து வெளியே வைத்திருந்தார். பெட்டியின் மேல் 7 என்று ஒரு எண் ஒட்டியிருந்தது. பள்ளியின் வாத்தியம். எனக்கு முன்னால் எத்தனை பேர் வாசித்தார்களோ, தாடை வைக்கிற இடத்தில் பூச்சு தேய்ந்து மரம் வெளுத்திருந்தது.

தூக்கித் தோளில் வைத்தேன். கனத்தது. கை இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. வயலினின் உடல் நீளம் சுமார் 14 அங்குலம். வயோலாவுக்கு அப்படி ஒரே அளவு கிடையாது. 15, 16, அதற்கு மேலும் உண்டு. மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள்தான் பெயர். வயலினில் மேலே இருக்கிற ஈ தந்தி இதில் இல்லை. அதற்குப் பதில் கீழே ஒரு சி தந்தி. அன்றைக்கு அந்தச் சி தந்தியில்தான் முதலில் வில்லை வைத்தேன். சத்தம் உடனே வரவில்லை. வயலினில் வில் பட்டதும் குரல் எழும்பும். இதில் தந்தி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. பேசியபோது கழுத்து எலும்பில் உணர்ந்தேன். காதுக்கு அப்புறம்தான் வந்தது.

இந்தக் கரகரத்த குரலுக்குக் காரணம் இருக்கிறது. வயோலாவின் சுருதி வயலினுக்கு ஐந்து சுரம் கீழே. அந்தச் சுருதிக்கு ஏற்றபடி பெட்டியைச் செய்ய வேண்டுமானால் வயலினைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. அதனால் குரலுக்குக் கொஞ்சம் சிறிய உடம்பாகவே அது காலம் காலமாக இருந்துவருகிறது. அந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் மங்கலான, மூக்கில் பேசுகிற மாதிரியான அந்த ஒலி வருகிறது. அது குறையில்லை, அதுதான் வயோலா. நூறு பேர் நடுவிலும் எனக்கு அந்தக் குரலைக் கண்டுபிடிக்க முடியும்.

அன்றைக்கு அது எதுவும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுதேன்.

முதல் இரண்டு வாரம் எழுதப் படிக்கத் தெரியாதவளைப் போல இருந்தேன். வயலினுக்கு எழுதுகிற இசைத்தாளில் இருக்கிற குறியீடு வேறு, வயோலாவுக்கு வேறு. ஆல்டோ கிளெஃப் என்பார்கள். ஐந்து கோடுகளில் நடுக்கோடுதான் அதில் நடு சி. வயலினில் அதே கோடு பி. கண் ஒன்றைப் படிக்கும், விரல் பழைய பழக்கத்தில் வேறொன்றில் போய் நிற்கும். ஒரே வழி, மெதுவாக, ஒவ்வொரு சுரமாக வாயால் சொல்லிக்கொண்டே வாசிப்பது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சொல்லாமலே விரல் போனது. எப்போது மாறியது என்று கவனிக்கவே இல்லை.

வீட்டில் பயிற்சி செய்தால் இன்னொரு கஷ்டம். வயலின் வாசித்த காலத்தில் அடுப்படியில் இருந்து அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். மெட்டு அவருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். வயோலாவில் நான் வாசித்தது 'ம்-தா-தா, ம்-தா-தா' என்று நாற்பது கட்டம், அதாவது நாற்பது தாளச் சுற்று. பிறகு எட்டுக் கட்டத்துக்கு ஒரே நீண்ட சுரம். பிறகு மறுபடி 'ம்-தா-தா'. "இது என்ன பாட்டு?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் அது என்ன பாட்டு என்று எனக்கும் தெரியும். முழுப் பாட்டு யார் வீட்டிலும் இல்லை, அந்த அறையில் மட்டும்தான் இருந்தது. காலையில் முதல் இரண்டு பாடவேளைகளையும் அதற்காகவே கடத்தியிருக்கிறேன்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் ரோசின் வாசனை. பைன் மரப் பிசினைக் காய்ச்சி உருட்டிய கட்டி அது. வில்லில் இருப்பது குதிரை வால் முடி, ஒரு வில்லுக்கு 150-க்கும் மேல். வெறும் முடி தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. ரோசின் தேய்த்தால்தான் முடி தந்தியைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இந்தப் பிடிப்பும் விடுதலும் நடக்கிறது. வாசித்து முடித்ததும் தந்திகளின் கீழே வெள்ளையாக மாவு படிந்திருக்கும், அதை மறக்காமல் துடைக்க வேண்டும். வில்லைத் தளர்த்தித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் ஆசிரியை தினமும் சொன்னார், நான்கு வருடமும் சொன்னார்.

பிறகு சுருதி சேர்ப்பது. முதல் வயலினின் முதல் நாற்காலியில் இருப்பவள் எழுந்து நின்று ஏ தந்தியை வாசிப்பாள். நொடிக்கு 440 அதிர்வு. வயலினிலும் ஏ தந்தி உண்டு, வயோலாவிலும் உண்டு, செல்லோவிலும் உண்டு, டபுள் பேஸிலும் உண்டு. வயலினும் வயோலாவும் ஒரே ஏ. செல்லோவுடையது ஒரு ஸ்தாயி கீழே. பேஸுடையது இன்னும் இரண்டு ஸ்தாயி கீழே. நான்கு வாத்தியத்துக்கும் பொதுவாக ஒரு தந்தி இருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது நிறையும். முதலில் எல்லோரும் அந்த ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து அவரவர் தந்திகளுக்குப் போவோம்.

எங்கள் ஆசிரியை அதிகம் விளக்க மாட்டார். செய்து காட்டுவார். ஒரு நாள் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து, நடுவில் மடித்து, கூரை மாதிரி என் வயோலாவின் ஜி தந்தியின் மேல் உட்கார வைத்தார். விரல்பலகை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால். "பக்கத்து டி தந்தியில மூணாவது விரல் வை. ஜி தந்தியைத் தொடாதே" என்றார். வாசித்தேன். காகிதம் சும்மா இருந்தது. "கொஞ்சம் மேலே." சும்மா இருந்தது. "கொஞ்சமே கொஞ்சம்." விரலை நகர்த்தக்கூட இல்லை, சதையை உருட்டினேன், அவ்வளவுதான். காகிதம் நடுங்கியது. ஒரு பக்கமாகச் சரிந்து கீழே விழுந்தது.

யாரும் ஜி தந்தியைத் தொடவில்லை. டி தந்தியில் நான் வாசித்த ஜி சரியான இடத்தில் நின்றதும், ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற அந்தத் தந்தி தானாகக் கூடவே ஒலித்தது. "காகிதத்தைத் தந்தியோட சரி பாதியில வெச்சிருந்தா அசைஞ்சிருக்காது. அங்க தந்தி சும்மா நிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். இரண்டு பாதியாகப் பிரிந்து அதிர்கிற தந்தி நடுவில் அசையாது என்பதைப் பிறகு இயற்பியல் வகுப்பில் படித்தபோது, அந்த வகுப்பிலேயே எனக்கு மட்டும் அது புதிதாக இல்லை. அன்றிலிருந்து சுருதி சரியா என்று ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பதை விட்டேன். வாத்தியம் சொல்லும். சுரம் சரியாக இருந்தால் மொத்தப் பெட்டியும் திறந்துகொள்ளும், தப்பாக இருந்தால் மூடிக்கொள்ளும்.

அக்கா மகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது அடுத்து வருவது.

அதே வருடம், குளிர்கால நிகழ்ச்சிக்கு முன்னால். ஒரு பாட்டின் கடைசிச் சுரக்கூட்டு சரியாக வரவில்லை. டி மேஜர். மூன்றே சுரம்: டி, எஃப் ஷார்ப், ஏ. ஆசிரியை வாசிப்பை நிறுத்தினார். "பேஸ், செல்லோ, டி வாசிங்க. வெறும் தந்தி." வாசித்தார்கள். "இரண்டாம் வயலின், நீங்களும் டி." சேர்ந்தது. "முதல் வயலின், ஏ." அதுவும் வெறும் தந்திதான். அந்த இரண்டு சுரமும் அறையில் அகலமாக, காலியாக நின்றன. நான்கு சுவர் எழுப்பிக் கூரை போடாத வீடு மாதிரி. மகிழ்ச்சியா துக்கமா என்று சொல்ல முடியாத ஒலி.

"வயோலா."

நாங்கள் ஐந்து பேர். அந்த அறையில் விரல் வைக்க வேண்டியவர்கள் நாங்கள் மட்டும்தான். டி தந்தியில் இரண்டாவது விரல், எஃப் ஷார்ப். வைத்தோம். தப்பில்லை. சுருதிக் கருவியை வைத்துப் பார்த்திருந்தால் பச்சை விளக்கு எரிந்திருக்கும். ஆனால் அந்த ஒலிக்குள் ஏதோ துடித்தது. 'வவவவ' என்று, நொடிக்கு ஐந்தாறு தடவை, ஈ சிறகடிக்கிற மாதிரி.

"கீழே," என்றார் ஆசிரியை. இறக்கினோம். துடிப்பு மெதுவானது. "இன்னும்." எனக்குப் பயமாக இருந்தது. இதற்கு மேல் இறக்கினால் அபசுரம் ஆகிவிடும் என்று விரல் சொன்னது. "காதை நம்பு. இன்னும் கொஞ்சம்." வவ... வ... வ.

துடிப்பு நின்றது.

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது என்று இத்தனை வருடம் கழித்தும் தெரியவில்லை. சத்தம் பெரிதாகவில்லை. யாரும் அழுத்தி வாசிக்கவில்லை. ஆனால் சுவர் அதிர்ந்தது. எங்கள் யாருடைய தந்தியிலும் இல்லாத ஒரு ஒலி மேலே எங்கேயோ கேட்டது. முன் வரிசையில் ஒரு பையன் வில்லை நிறுத்தாமலே திரும்பி எங்களைப் பார்த்தான். என்னுடைய குரல் எனக்குத் தனியாகக் கேட்கவில்லை, கரைந்துவிட்டது. ஆனால் விரலை அரை மில்லிமீட்டர் எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தது.

இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு பிறகு தெரிந்தது. பியானோவில் 12 சுரங்களையும் சமமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதனால் எந்தப் பாட்டையும் எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம், ஆனால் மூன்றாவது சுரம் இயற்கையாக நிற்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஓர் அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் சுமார் 14 பங்கு. என் விரல் இருந்த இடத்தில் அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். பியானோவால் அதைத் திருத்த முடியாது. வில்லால் வாசிக்கிற எங்கள் வாத்தியங்களால் முடியும், ஏனென்றால் விரல்பலகையில் தடுப்புக்கட்டை கிடையாது. அந்த இரண்டு மில்லிமீட்டர் எங்கள் கையில் இருந்தது.

ஒரு சுரக்கூட்டு மேஜரா மைனரா, வெளிச்சமா நிழலா என்று தீர்மானிப்பது அந்த நடுச் சுரம். எல்லாப் பாட்டிலும் அது வயோலாவிடம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது; இரண்டாம் வயலினுக்கும் போகும், செல்லோவுக்கும் போகும். ஆனால் அடிக்கடி எங்களிடம் வரும். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதல் வயலினின் மெட்டையும் பேஸின் கனத்தையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் மனது ஏன் கனத்தது அல்லது லேசானது என்றால், நடுவில் யாரோ ஒருத்தி இரண்டாவது விரலைக் கொஞ்சம் இறக்கியிருப்பாள்.

ஜெர்மன் இசை மேதை பாக்கின் மகன் தன் அப்பாவைப் பற்றி எழுதிய கடிதத்தில், அவர் வயோலா வாசிப்பதையே மிகவும் விரும்பினார் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய வயலின், ஆர்கன் வித்வான். ஹார்மனியின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்க ஆசைப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும். மொசார்ட்டும் நண்பர்களோடு நால்வர் குழுவில் உட்காரும்போது வயோலா எடுத்தவர். செக் இசையமைப்பாளர் திவோர்ஷாக் பிராகில் நாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்துத்தான் பிழைத்தார். பட்டியல் போடுவது என் நோக்கமில்லை. அந்த வயதில் இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஒரு ராத்திரி அழுகை மிச்சமாகியிருக்கும், அதனால் சொல்கிறேன்.

ஸ்டாண்டுத் துணை பற்றி. இரண்டு பேருக்கு ஓர் இசைத்தாள் ஸ்டாண்டு. கேட்பவர்கள் பக்கம் இருப்பவர் வெளி நாற்காலி, மற்றவர் உள் நாற்காலி. பக்கம் திருப்புவது உள் நாற்காலியின் வேலை. வெளி நாற்காலி விடாமல் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் உள் நாற்காலி. கடைசி இரண்டு கட்டத்தை விட்டுவிட்டுக் கையை நீட்டி, சத்தமில்லாமல் திருப்பி, மறுபடி வில்லை எடுத்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு கட்டத்தில் அவள் வில்லில் கொஞ்சம் கூடுதல் கனம் கொடுப்பாள், என் இடத்தையும் சேர்த்து நிரப்புவதற்காக. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. நான்கைந்து மாதம் கழித்துத்தான் அவள் அப்படிச் செய்கிறாள் என்றே எனக்குத் தெரிந்தது.

வில் எல்லோருக்கும் ஒரே திசையில் போக வேண்டும். எங்கள் குழுவின் முதல் நாற்காலி எங்கே கீழ்வில், எங்கே மேல்வில் என்று முடிவு செய்வான். நாங்கள் பென்சிலால் குறித்துக்கொள்வோம். கீழ்வில்லுக்கு அடிக்கோடு இல்லாத சின்னப் பெட்டி, மேல்வில்லுக்குத் தலைகீழ்க் கூம்பு. பென்சில் இல்லாமல் வந்தவருக்கு அன்றைக்கு ஒரு மதிப்பெண் குறையும். இது பார்வைக்கு அழகாக இருக்கத்தான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. கீழ்வில்லுக்கு இயல்பாகவே கனம் அதிகம், மேல்வில் மெல்ல எழும். திசை மாறினால் ஒலியே மாறிவிடும்.

பென்சில் குறிகளில் எனக்குப் பிடித்தது மூக்குக்கண்ணாடி. இரண்டு வட்டம், நடுவில் ஒரு வளைவு. 'இந்த இடத்தில் தாளைப் பார்க்காதே, தலையைத் தூக்கி நடத்துபவரைப் பார்' என்று அர்த்தம். உலகத்தில் பல ஆர்கெஸ்ட்ராக்களின் தாள்களில் இதைப் பார்க்கலாம். வேகம் மாறுகிற இடங்களிலும், எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டிய இடங்களிலும் இருக்கும். பள்ளித் தாள்கள் வருடம் வருடமாகக் கை மாறி வருபவை. முன்னால் வாசித்தவர் எங்கே தடுக்கினார் என்று அந்தக் கண்ணாடி சொல்லிவிடும்.

நாற்காலித் தேர்வு, ஸ்கேல் தேர்வு எல்லாம் இருந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. போகும், வரும்.

ஒரு நாள் ஆசிரியை எங்களை வாசிக்கச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் பின்சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டார். தாளம் காட்ட யாரும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதல் வயலின் முதல் நாற்காலி வில்லைத் தூக்கி, மூக்கால் ஒரு மூச்சு இழுத்தாள். அந்த மூச்சின் வேகம்தான் பாட்டின் வேகம். இருபத்தெட்டுப் பேர் அவளோடு மூச்சிழுத்தோம். முதல் தடவை குலைந்தது, இரண்டாவது தடவையும் குலைந்தது. மூன்றாவது தடவை விழுந்த முதல் சுரம் ஒரே ஆள் வாசித்த மாதிரி இருந்தது. இன்றைக்கும் கூட்டத்தில் பேசத் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு அந்த மூச்சு வருகிறது.

நாங்கள் வாசித்தவற்றில் இரண்டு பாட்டு பள்ளிப் பிள்ளைகளோடு நேராகச் சம்பந்தப்பட்டவை. ஒன்று இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய செயின்ட் பால்ஸ் சூட். லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் 1905 முதல் இசை ஆசிரியராக இருந்தார். அந்தப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதியது அது. பள்ளியின் பெயர்தான் பாட்டின் பெயர். கடைசிப் பகுதியில் ஒரு பழைய நாட்டுப்புற நடன மெட்டு முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும். அதன் நடுவில் செல்லோக்கள் கிரீன்ஸ்லீவ்ஸ் என்ற இன்னொரு பழைய மெட்டை, அகலமாக, அவசரமில்லாமல் எடுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டும் வேறு வேறு நடை. ஒன்றையொன்று இடிக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்குத்தானே என்று அவர் எதையும் குறைத்து எழுதவில்லை. வாசிக்கும்போது அந்த மரியாதை விரலில் தெரியும்.

இன்னொன்று பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் எழுதிய சிம்பிள் சிம்பொனி, 1934. அப்போது அவருக்கு 20 வயது. சிறுவயதில் தான் எழுதிவைத்த மெட்டுகளை எடுத்து அதைக் கட்டினார். தனக்குச் சின்ன வயதில் வயோலா சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். ஆமாம், வயோலா ஆசிரியைக்கு. இதன் இரண்டாவது பகுதியில் வில்லே கிடையாது, முழுக்க விரலால் மீட்டுவது. ஓடுகிற வேகத்தில் மீட்ட வேண்டும். வலது கை ஆள்காட்டி விரல் முதல் வாரம் கொப்பளித்து, இரண்டாம் வாரம் காய்த்துப்போகும்.

அதை வாசித்தது பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நிகழ்ச்சியில். மேடை விளக்குச் சூட்டில் காற்று வறண்டிருந்தது. மரம் சுருங்கினால், தந்தியை முறுக்குகிற பிரடை பிடி தளரும். மீட்டுகிற பகுதியின் கடைசிப் பக்கத்தில், சி தந்தியை இழுத்து மீட்டிய அடுத்த நொடி, 'டர்ர்' என்று பிரடை தானாகச் சுற்றிக்கொண்டது. தந்தி தொய்ந்து விரல்பலகையின் மேல் கிடந்தது. மீதிக் கட்டங்களை மற்ற தந்திகளில் எப்படியோ ஓட்டினேன். அடுத்தது மெதுவான மூன்றாவது பகுதி. அந்தத் தந்தி இல்லாமல் அதை வாசிக்க முடியாது.

இரண்டாவது பகுதி முடிந்தது. அரங்கத்தில் இருமல். ஆசிரியை அடுத்ததற்குக் கையைத் தூக்கினார். எங்கள் பக்கம் பார்த்தார். கையை இறக்கினார். முகத்தில் ஒன்றும் இல்லை. இசைத்தாளில் எதையோ பார்ப்பவர் மாதிரி ஒரு பக்கத்தைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார்.

என் துணை என்னைப் பார்க்கவில்லை. வில்லை மடியில் வைத்துவிட்டு, கட்டைவிரலால் தன் சி தந்தியை மெல்ல ஒரு தடவை மீட்டினாள். இரண்டு நாற்காலிக்கு அப்பால் கேட்டிருக்காது. நான் பிரடையை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பினேன். அழுத்தாமல் திருப்பினால் மறுபடி நழுவும். மீட்டினேன், மேலே போய்விட்டது. அவள் மறுபடி மீட்டினாள். இறக்கினேன். அவள் இன்னொரு தடவை மீட்டினாள், நானும் கூடவே மீட்டினேன். துடிப்பு இருந்தது. ஒரு மயிரிழை அழுத்தினேன். நின்றது. அவள் வில்லை எடுத்துக்கொண்டாள். ஆசிரியை கையைத் தூக்கினார்.

மொத்தம் இருபது விநாடி இருக்கும். அப்பா அம்மா முன்வரிசையில் இருந்தார்கள். என்ன நடந்தது என்று வீட்டில் நான் சொல்லித்தான் தெரிந்தது. மூன்றாவது பகுதியில் நான் வாசித்தது அந்த நான்கு வருடத்தில் நான் வாசித்த மிக நல்ல வாசிப்பு.

பள்ளி முடிகிற வாரத்தில் எல்லாத் தாள்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் பென்சில் குறிகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அடுத்த வருடம் வேறொருவர் வேறு மாதிரி வில் போடலாம். நானும் அவளும் வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ரப்பரை வைத்துக்கொண்டு அழித்தோம். பெட்டிகள், கூம்புகள், விரல் எண்கள், ஓரத்தில் அவள் எழுதிய 'மூச்சு', நான் எழுதிய 'கீழே, இன்னும் கீழே'. எல்லாம் போனது. மூக்குக்கண்ணாடிகளில் மட்டும் அவள் கையை வைத்து மறைத்தாள். "இது வரப்போறவங்களுக்கு" என்றாள். விட்டுவிட்டோம். வில்லைத் தளர்த்தி, ரோசினைத் துடைத்து, 7-ஆம் எண் பெட்டியை அலமாரியில் வைத்தேன்.

அக்கா மகள் இந்த வாரம் இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை, சி தந்தி ஏன் உடனே பேச மாட்டேன் என்கிறது என்று கேட்டாள். வில்லை மெதுவாக இழு, தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கட்டைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வை, தந்திக்கு நேரம் கொடு என்றேன். இரண்டாவது தடவை போனை மேசையில் வைத்துவிட்டு வாசித்துக் காட்டினாள். 'ம்-தா-தா, ம்-தா-தா.' அக்கா பின்னாலிருந்து "இது என்ன பாட்டுடி?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழுப்பேறிய இசைத்தாள், ஓரம் கிழிந்து டேப் ஒட்டியது. 31-ஆம் கட்டத்தின் மேலே யாரோ அழுத்தி வரைந்த இரண்டு வட்டம், நடுவில் ஒரு வளைவு. கீழே எழுதியிருந்தாள்: "சித்தி, இது என்ன?"

உடனே கூப்பிட்டேன்.